கணிப்பு மட்டும் போதுமா?

கேள்வி: புயல் கரையைக் கடக்கும் இடத்தைத் துல்லியமாகக் கணித்துவிட்டால் உயிர்ச்சேதம் நின்றுவிடும் அல்லவா?

பதில்: கணிப்பு பாதி வேலைதான். வங்கதேசத்தைப் பாருங்கள். 1970 நவம்பரில் போலா புயல் 3 லட்சம் பேரையாவது பலிகொண்டது. புயல் வருவது வானிலைத் துறைக்குத் தெரிந்தே இருந்தது; தாழ்வான தீவுகளில் இருந்த ஏழை மக்களுக்குத்தான் ஏறி நிற்க இடமில்லை. அதன் பிறகே ஊர்தோறும் தொண்டர்களைத் திரட்டினார்கள். அபாயம் கூடக்கூடக் கம்பத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று கொடி ஏறும்; எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும். பிறகு ஒலிபெருக்கியோடு வீடு வீடாகப் போவார்கள். மாட்டை விட்டுவிட்டு வர மறுப்பவர்கள் உண்டு. யாரும் அவர்களைக் குறை சொல்ல வேண்டாம், அவர்களுடைய சொத்தே அதுதான். அதற்காகவே கால்நடைகளுக்கு மண்மேடுகள் எழுப்பினார்கள்.

பலி குறைந்ததற்குக் காரணம் பிற்காலப் புயல்கள் பலவீனமானவை என்பதே என்று சிலர் வாதிடலாம். 1991 புயலில் சுமார் 1,38,000 பேர் மாண்டார்கள். காற்றின் வேகத்தில் அதற்குச் சளைக்காத சித்ர் புயல் 2007-ல் வந்தபோது பலி 3,000-க்கு மேல். சுந்தரவனக் காடு அதன் வேகத்தைத் தணித்தது உண்மைதான். ஆனால் இத்தனை பெரிய வித்தியாசத்துக்கு அது மட்டுமே காரணமாகாது. பல லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேறியிருந்தார்கள்.

நீங்கள் கடலோரத்தில் இருந்தால், உங்கள் ஊர்ப் புயல் பாதுகாப்பு மையத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று மழைக்காலத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள்.