வளை தோண்டும் டரான்டுலாவை வளர்ப்பது எப்படி?

மியான்மர், தாய்லாந்துக் காடுகளின் கோபால்ட் நீல டரான்டுலா, ஈர மண்ணுக்குள் ஆழமாக வளை தோண்டி வாழும் சிலந்தி. திருவண்ணாமலையின் கத்திரி வெயிலில் அதைக் காப்பது மண்ணின் ஆழம்தான்.

1. ஆவணம்: வளர்ப்பிடத்தில் பிறந்தது என்பதற்கும் இறக்குமதிக்கும் உரிய ஆவணங்களைக் கேட்டு வாங்குங்கள். வனத்துறையிடமும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஊரின் அண்ணாமலை மலையில் காட்டுச் சிலந்தியின் வளையைக் கண்டால் தோண்டாதீர்கள்.

2. மண்: கழுவி உப்பு நீக்கிய தென்னை நார்க்கழிவு மூன்று பங்கு, உரமோ பூச்சிமருந்தோ படாத செம்மண் ஒரு பங்கு. புட்டு மாவுப் பதம் வேண்டும்: பிடித்தால் நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். உயரமான கண்ணாடித் தொட்டியில் 25 செ.மீ. ஆழத்துக்கு அழுத்தி நிரப்புங்கள். மேலே 10 செ.மீ. இடைவெளி போதும், அதிக உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு கிழிந்து சிலந்தி இறந்துவிடும்.

3. வளை: ஒரு மூலையில் விரலால் சாய்வாகத் துளையிட்டு, அதன்மேல் பாதிக் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வையுங்கள். மீதியை அதுவே தோண்டிக்கொள்ளும்.

4. ஈரமும் சூடும்: மூலையில் ஒரு குழாயைச் செருகி, அதன் வழியே தண்ணீர் விடுங்கள். அடிமண் ஈரமாகவும் மேல்மண் சற்று உலர்ந்தும் இருக்கட்டும். சிறு கிண்ணத்தில் எப்போதும் தண்ணீர் வேண்டும். 24 முதல் 28 டிகிரி வெப்பம் ஏற்றது. மொட்டை மாடி அறை வேண்டாம்; கீழ்த்தளத்தில் வெயில் படாத உள்ளறையே சரி.

5. உணவு: வளர்ந்த சிலந்திக்கு வாரம் ஒரு சுவர்க்கோழி போதும். வீட்டுக் கரப்பானைப் போடாதீர்கள். அதில் மருந்து இருக்கக்கூடும். கொசுவர்த்தியும் பூச்சி ஸ்பிரேயும் அந்த அறைக்குள் நுழையவே கூடாது.

6. சட்டை உரித்தல்: வளை வாயை மண்ணாலும் நூலாலும் அடைத்துக்கொண்டால் சட்டை உரிக்கப்போகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். மல்லாந்து கிடந்தாலும் தொடாதீர்கள். உரித்ததும் பற்கள் வெளுத்திருக்கும். அவை கறுத்து இறுகும்வரை இரை போடாதீர்கள்.

7. கை: இதற்கு எறிய முள்மயிர் கிடையாது, கடிதான் தற்காப்பு. கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் வரும். மூடிக்குத் தாழ்ப்பாள் போடுங்கள். தொட்டிக்குள் நீண்ட இடுக்கிதான் போகலாம்.

பெண் சிலந்தி பத்தாண்டுக்கு மேல் வாழும். பார்த்துக்கொள்ள முடியாத நாள் வந்தால், அனுமதியுள்ள வேறொரு வளர்ப்பாளரிடம் ஒப்படையுங்கள். மலையில் மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்த மண்ணில் வாழும் உயிர்களுக்கு அது கேடு.