ரேழித் தொட்டிகள்



தம்பி, ஸ்ரீரங்கம் உத்தர வீதி வீட்டு ரேழியில் ஆறு தொட்டி அமரில்லிஸ் வைத்திருக்கிறாய். இலை பட்டை பட்டையாக வருகிறது, பூவைக் காணோம் என்று எழுதியிருந்தாய். ஒருநாள் தவறாமல் தண்ணீர் விடுகிறேன் என்று பெருமை வேறு. வினையே அங்கேதான்.

ஹாலந்துக்காரர்கள் இந்தக் கிழங்கை வீட்டுக்குள் வைப்பது குளிருக்குப் பயந்து. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் நமக்கு ஏது குளிர்? நமக்குப் பயம் ஐப்பசி மழை. நான் முதலில் வளர்த்த கிழங்குகளை அந்த மழையில் விட்டுவிட்டேன். கார்த்திகையில் தொட்டுப் பார்த்தால் கூழாகி நாறியது. ஆகவே புரட்டாசிக் கடைசியில் தண்ணீரை அடியோடு நிறுத்து. தை பிறக்கும்வரை ஒரு சொட்டு கூடாது. ரேழி அந்த மூன்று மாதத்துக்குத்தான் சரியான இடம். இலை தானாகப் பழுத்துச் சாயட்டும், பச்சையாக அறுக்காதே. தையில் ஒருமுறை நனைத்துவிட்டு, முளை தெரிந்த பிறகு அளவாக ஊற்று. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பூ வரலாம்.

மற்ற மாதங்களில் தொட்டி முற்றத்து ஓரத்தில் காலை வெயில் படும்படி இருக்கட்டும். கத்திரியில் மட்டும் நிழலுக்கு இழுத்துக்கொள். ஏறக்குறைய நாலு இலைக்கு ஒரு பூந்தண்டு என்பது இதன் கணக்கு. இன்று விரியும் பூ, கிட்டத்தட்ட ஒரு வருஷம் முன்பே கிழங்குக்குள் மொட்டாகிவிட்டது. போன வருஷம் இருட்டில் பட்டினி போட்டுவிட்டு இந்த வருஷம் உரத்தைக் கொட்டினால் அது என்ன செய்யும்?

தொட்டி சின்னதாக, கிழங்கைச் சுற்றி ஒரு அங்குலம் இடம் விட்டால் போதும். கழுத்தும் மேல்பாதியும் மண்ணுக்கு வெளியே இருக்க வேண்டும். வெறும் தென்னை நார்த்தூளில் நடாதே, ஈரத்தை விடாது. செம்மண், மணல், மக்கிய சாண எரு கலந்துகொள்.

செங்காந்தளைத் தின்னும் கறுப்புப் புள்ளிப் புழு இதற்கும் வரும். கையால் பொறுக்கிப் போடு. கிழங்கு விஷம், பார்க்க வெங்காயம் மாதிரியே இருக்கும். உங்கள் அகத்தில் வெங்காயம் சேர்ப்பதில்லைதான். மாடியில் குடியிருப்பவர்கள் சேர்ப்பார்களே, அடுக்களைப் பக்கம் வைக்காதே.

பெயரைப் பற்றிக் கேட்டிருந்தாய். நம் ராஜகோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் ஆன அதே 1987இல், பெர்லினில் கூடிய தாவரவியல் மாநாடு அமரில்லிஸ் என்ற பெயரைத் தென்னாப்பிரிக்கச் செடிக்கே உறுதிசெய்தது. உன்னிடம் இருப்பது தென் அமெரிக்க வம்சம், ஹிப்பியாஸ்ட்ரம். நர்சரியில் அப்படிக் கேட்டால் விழிப்பார்கள். அமரில்லிஸ் என்றே கேள்.

வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் வருகிறேன். வந்ததும் ஆறு தொட்டியிலும் விரலை விட்டுப் பார்ப்பேன். மண் புழுதியாக உதிர வேண்டும்.