பரிசேயனும் ஆயக்காரனும்: தற்பெருமையும் கடவுளோடுள்ள உறவும்
(லூக்கா 18:9-14)

இயேசு கூறிய உவமைகளுள் வாசிக்கும்போது மிக இலகுவாகத் தோன்றுவதும், விடை எழுதும்போது பலர் சறுக்கி விடுவதும் இவ்வுவமையாகும். 6 வசனங்களில் அடங்கும் இச்சிறு கதை லூக்கா நற்செய்தியில் மாத்திரமே காணப்படுகிறது. இருவர் செபிப்பதற்காக எருசலேம் ஆலயத்துக்குச் செல்கின்றனர். ஒருவன் பரிசேயன், மற்றவன் ஆயக்காரன். ஆயக்காரனே நீதிமானாக்கப்பட்டவனாக வீடு திரும்புகிறான்.

"பரிசேயன் கெட்டவன், ஆயக்காரன் நல்லவன்" என்று இரண்டு வரியில் எழுதி முடிக்கும் விடைகள் ஏராளம். நடத்தையை மாத்திரம் கொண்டு பார்த்தால் விடயம் நேர்மாறானது. பரிசேயனே நல்லவன். இதனை விளங்கிக்கொள்ளாதவரை உவமையின் கருத்துப் பிடிபடாது. எனவே முதலில் இவ்விருவரும் யார் எனப் பார்ப்போம்.

பரிசேயன்

பரிசேயர்களுட் பெரும்பாலானோர் குருக்களல்லர். நியாயப்பிரமாணத்தைக் கற்று, அதனை அன்றாட வாழ்விற் கண்டிப்பாகக் கைக்கொண்ட பொதுமக்களாவர். ஏரோது மன்னனின் காலத்தில் அவர்கள் 6000 பேருக்கு மேற்பட்டோராக இருந்தனரென யூத வரலாற்றாசிரியரான யோசேப்பு குறிப்பிடுகிறார். மக்களிடையே அவர்களுக்கு நன்மதிப்பு இருந்தது. இயேசுவை இரவில் சந்தித்த நிக்கொதேமுவும், அப்போஸ்தலனாகிய பவுலும், அப்போஸ்தலருக்காக ஆலோசனைச் சங்கத்திற் பேசிய கமாலியேலும் பரிசேயர்களே.

உவமையிலுள்ள பரிசேயன் வாரத்தில் 2 நாட்கள் உபவாசிப்பதாகக் கூறுகிறான். நியாயப்பிரமாணம் எல்லோருக்கும் விதித்த உபவாசம் ஆண்டில் ஒரே ஒரு நாள், அதாவது பாவநிவாரண நாள் மாத்திரமே (லேவியராகமம் 16). அவனோ ஆண்டில் 100 நாட்களுக்கு மேல் உபவாசிக்கிறான். தசமபாகத்தைப் பொறுத்தவரை, வயலின் விளைச்சலுக்கும் திராட்சை இரசத்துக்கும் எண்ணெய்க்கும் விதிக்கப்பட்டதை (உபாகமம் 14) அவன் தன் சம்பாத்தியம் அனைத்திலும் கொடுக்கிறான். கேட்டதற்கு மேலாகவே செய்கிறான். இவை பொய்யென உவமையில் எங்கும் கூறப்படவில்லை. அது மாத்திரமன்று, அவன் தன் செபத்தை நன்றி சொல்லியே தொடங்குகிறான். செபத்துக்கு அது நல்ல தொடக்கமே.

ஆயக்காரன்

கி.பி. 6ஆம் ஆண்டில் யூதேயா உரோமரின் நேரடி ஆட்சிக்குட்பட்டது. சுங்கம் முதலியவற்றை அறவிடும் உரிமை குத்தகையாகக் கொடுக்கப்பட்டது. குத்தகைக்காரர் கொடுத்த தொகையையும் அதற்கு மேலான இலாபத்தையும் மக்களிடமிருந்து பெற்றுக்கொண்டனர். சொந்த இனத்தவரிடமிருந்து அந்நிய ஆட்சியாளருக்காகப் பணம் பறிப்போர் என்பதால் ஆயக்காரர் வெறுக்கப்பட்டனர். அவ்வெறுப்பு நியாயமற்றதென்று சொல்லிவிடவும் முடியாது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடுத்த அதிகாரத்தில் வரும் சகேயு, தன் ஆஸ்தியிற் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாக வாங்கியதை 4 மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகவும் கூறுகிறான். உவமையின் ஆயக்காரன் அவ்வாறான எதனையும் கூறவில்லை. காட்டுவதற்கு அவன் கையில் ஒன்றுமே இல்லை.

பரிசேயன் தவறியது எங்கே?

அவனது செபத்திலேயே விடை உண்டு. மூலமொழியான கிரேக்கத்தில் அச்சிறு செபத்தில் 5 வினைச்சொற்கள் தன்மை ஒருமையில், அதாவது "நான்" என்ற எழுவாய்க்குரியனவாக அமைந்துள்ளன. கடவுள் தொடக்கத்தில் ஒரு தடவை விளிக்கப்படுகிறார். அதன்பின் செபம் முழுவதும் அவன் தன்னைப் பற்றியே பேசுகிறான். மன்னிப்போ, பலமோ, வழிகாட்டலோ எதையும் அவன் கேட்கவில்லை. அவனுக்குக் கடவுள் ஒரு சாட்சியாகத் தேவைப்படுகிறாரேயன்றி, இரட்சகராகத் தேவைப்படவில்லை.

இரண்டாவது, அவன் தன்னை அளக்கும் அளவுகோல். கடவுளுக்கு முன் நின்றுகொண்டே அவன் பக்கவாட்டிற் பார்க்கிறான். கள்வர், அநியாயக்காரர், விபசாரர் என வரிசைப்படுத்தி, கடைசியில் தூரத்தில் நிற்கும் ஆயக்காரனைச் சுட்டிக்காட்டுகிறான். கடவுளின் பரிசுத்தத்தோடு தன்னை ஒப்பிட்டால் எவரும் தலைகுனிவர். அயலவனோடு ஒப்பிடும்போது மாத்திரமே தலை நிமிர்ந்து நிற்கலாம். தன்னை நம்புதல், மற்றவரை அற்பமாக எண்ணுதல் என லூக்கா 18:9இற் கூறப்படும் இரண்டும் வெவ்வேறு குற்றங்கள் அல்ல. முதலாவது நிலைத்திருக்க இரண்டாவது தேவை.

ஆயக்காரனின் செபம் கிரேக்கத்தில் 6 சொற்கள் மாத்திரமே. அவன் பயன்படுத்தும் வினைச்சொல் இரக்கம் கேட்கும் வழமையான சொல்லன்று. (அதே அதிகாரத்தில் எரிகோவின் குருடன் வழமையான சொல்லையே பயன்படுத்துகிறான்.) பாவநிவாரணப் பலியோடு தொடர்புடைய சொல் அது. ஆலயத்திற் காலையிலும் பிற்பகலிலும் பலி செலுத்தப்பட்டது. அப்பலியின் பயன் தனக்கும் கிடைக்காதா என்று அவன் ஏங்கி நிற்பதாகச் சில விளக்கவுரையாளர் கூறுவர். தன்னை அவன் எவரோடும் ஒப்பிடவில்லை. பரிசேயன் பக்கம் அவன் திரும்பியதாகக்கூட இல்லை.

"நீதிமானாக்கப்பட்டான்" என்னும் செயப்பாட்டு வினையையும் மாணவர் கவனிக்க வேண்டும். ஆக்கியவர் கடவுள். ஆயக்காரனின் தாழ்மை ஒரு கூலியைச் சம்பாதித்த நற்செயலன்று. கொடுக்கப்படுவதைப் பெற்றுக்கொள்ள வெறுங்கை நீட்டியமையே அத்தாழ்மை.

தாழ்மை என்பது தன்னை இழிவுபடுத்தலா?

"வகுப்பில முதலாம் பிள்ளையா வந்ததுக்குச் சந்தோசப்பட்டா அதுவும் பாவமா சேர்?" என ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். நல்ல கேள்வி. மனிதன் கடவுளின் சாயலிற் படைக்கப்பட்டவன் (ஆதியாகமம் 1:27). சங்கீதம் 8, வானத்தையும் நட்சத்திரங்களையும் நோக்கி மனிதனின் சிறுமையை வியந்து, உடனேயே கடவுள் அவனுக்குச் சூட்டிய மகிமையையும் பாடுகிறது. சிறுமையும் மகிமையும் ஒரே பாட்டில் இருக்கின்றன. ஆகவே "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்று புலம்புவது கிறிஸ்தவத் தாழ்மையன்று. அதுவும் தன்னையே சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு பேச்சுத்தான். பெற்றுக்கொள்ளாத எது உங்களிடம் உண்டு என்ற கருத்துப்படப் பவுல் கொரிந்தியரைக் கேட்கிறார் (1 கொரிந்தியர் 4:7). திறமையைக் கொடையாக ஏற்று மகிழ்வதிற் குற்றமில்லை. அம்மகிழ்ச்சிக்குப் பக்கத்து வாங்கிற் குறைந்த புள்ளி பெற்ற ஒரு பிள்ளை தேவைப்படுகிறதா என்பதே சோதனை.

பவுலும் ஒரு காலத்தில் தன் தகுதிகளைப் பட்டியலிடக்கூடியவராக இருந்து, பின் அவற்றைக் கிறிஸ்துவுக்காக நட்டமென எண்ணினார் (பிலிப்பியர் 3). கிறிஸ்துவின் தாழ்மை பற்றிப் பிலிப்பியர் 2:6-8 பகுதியையும் சேர்த்துப் படிக்கவும்.

ஓர் எச்சரிக்கை

ஆலயத்து மின்விசிறியிலும் சுவர் மணிக்கூட்டிலும் உபயகாரரின் பெயர் எழுதப்பட்டிருப்பதைச் சில மாணவர் தற்பெருமைக்கு உதாரணமாக எழுதுவர். இறந்துபோன தாயின் நினைவாக ஒருவர் கொடுத்த மின்விசிறியாகவும் அது இருக்கலாம். கொடுத்தவரின் உள்ளத்தை நாம் அறியோம். அதைக் காட்டி "இவர்களே இக்காலப் பரிசேயர்" எனத் தீர்ப்பிடும்போது எழுதுபவர் நிற்கும் இடம் எது? இவ்வுவமையை வாசித்துவிட்டு, "நல்லவேளை, நான் அந்தப் பரிசேயனைப் போல இல்லை" என்று எண்ணுவது எவருக்கும் மிக இலகு.

மாதிரி வினா

"பரிசேயன் தன் செபத்திற் பொய் எதுவும் சொல்லவில்லை, எனினும் அவன் நீதிமானாக்கப்படவில்லை." காரணங்காட்டி விளக்குக.

விடையில் உவமையின் கதையை 4 வரிகளுக்கு மேல் எழுத வேண்டாம். கதை சொல்வதிலேயே பக்கம் நிரம்பிவிடும். பரிசேயனின் நற்செயல்களை முதலில் ஏற்றுக்கொண்டு, அவை நியாயப்பிரமாணம் கேட்டதற்கும் மேலானவை எனக் காட்டவும். பின்னர் அவன் எதையும் கேளாமையையும் அயலவனை அளவுகோலாக்கியமையையும் விரிவாக எழுதவும். லூக்கா 18:9ஐக் குறிப்பிடத் தவற வேண்டாம். உவமை யாருக்காகச் சொல்லப்பட்டது என்பது அங்கேயே உள்ளது.

மேலதிகப் பயிற்சி: இவ்வுவமையின் ஆயக்காரனையும் சகேயுவையும் (லூக்கா 19:1-10) ஒப்பிட்டு ஒரு பந்தி எழுதுக.