அன்னபேதி மட்டும் போதாது: இரத்த சோகைக்குத் தாமிரமும் தேவை

கன்றும் ஆட்டுக்குட்டியும் சோர்ந்து, கண்ணின் கீழிமை வெளுத்துக் காணப்பட்டால் உடனே இரும்புச் சத்து டானிக் வாங்கி ஊற்றுவது பலருடைய வழக்கம். சில கால்நடைகள் இதனால் தேறிவிடும். வேறு சிலவற்றுக்குப் பாட்டில் பாட்டிலாக ஊற்றியும் வெளுப்பு மாறுவதில்லை. உடலில் இரும்பு இருந்தும் அது இரத்தமாக மாற முடியாத நிலை உண்டு. இதற்குத் தாமிரக் குறைவு ஒரு காரணம்.

ஆராய்ச்சியில் கண்ட உண்மை

1928ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹார்ட், ஸ்டீன்பாக், வாடெல், எல்விஜெம் ஆகியோர் எலிகளுக்குப் பாலை மட்டுமே கொடுத்து வளர்த்தனர். எலிகளுக்கு இரத்த சோகை கண்டது. சுத்தமான இரும்பு உப்பைக் கொடுத்தும் குணமாகவில்லை. ஈரலை எரித்த சாம்பலைச் சேர்த்ததும் தேறின. அந்தச் சாம்பலில் வேலை செய்த பொருள் தாமிரமே என்று பின்னர் தெரிந்தது. பாலில் இரும்பும் குறைவு, தாமிரமும் குறைவு. பாலை மட்டும் நம்பி நெடுநாள் வளரும் கன்றுகளுக்கும் குட்டிகளுக்கும் இது பொருந்தும்.

தாமிரத்தின் வேலை என்ன?

தீவனத்திலுள்ள இரும்பு முதலில் குடல் சுவரின் செல்களுக்குள் நுழைகிறது. அங்கிருந்து இரத்தத்துக்கு வந்து, 'டிரான்ஸ்பெரின்' என்னும் புரதத்தின்மேல் ஏறிக்கொண்டுதான் எலும்பு மஜ்ஜைக்குப் போய்ச் சேரவேண்டும். இந்தப் புரதத்தை வண்டி என்று வைத்துக்கொள்வோம். ஒரு வண்டியில் இரண்டு இரும்பு அணுக்களுக்கு இடம் உண்டு. ஆனால் செல்லைவிட்டு வெளிவரும் இரும்பு ஒரு வடிவிலும், வண்டியில் ஏறக்கூடிய இரும்பு வேறு வடிவிலும் இருக்கின்றன. வடிவத்தை மாற்றித் தருபவை தாமிரம் கலந்த நொதிகள். குடல் சுவரில் இருப்பது 'ஹெபஸ்டின்'. இது 1999இல் கண்டறியப்பட்டது. ஈரலில் உண்டாகி இரத்தத்தில் கலப்பது 'செருலோபிளாஸ்மின்'. தாமிரம் உள்ளதால் இது நீல நிறமாக இருக்கும்.

வயதாகி அழியும் சிவப்பணுக்களின் இரும்பையும் உடல் வீணாக்குவதில்லை. மண்ணீரலும் ஈரலும் அதைச் சேர்த்து வைத்துத் திரும்பக் கொடுக்கின்றன. அங்கும் இந்த நீல நொதி வேண்டும். 1960களின் இறுதியில் யூட்டா பல்கலைக்கழகத்தில் தாமிரம் இல்லாத தீவனம் தின்ற பன்றிகளைச் சோதித்தபோது, இரத்தத்தில் இரும்பு குறைந்தும் குடல் சுவரிலும் ஈரலிலும் தேங்கியும் இருந்தது. அவற்றுக்கு இந்த நொதியை ஊசி மூலம் செலுத்தியதும் இரத்தத்தில் இரும்பு ஏறியது. களஞ்சியத்தில் நெல் இருந்தும் சாவி இல்லாத வீட்டின் நிலைதான் இது.

குறைவு எப்படி வருகிறது?

தீவனத்தில் தாமிரம் போதாமல் இருப்பது ஒரு காரணம். தாமிரம் இருந்தும் உடலில் சேராமல் போவது மற்றொன்று. மாலிப்டினமும் கந்தகமும் மிகுந்த தீவனத்தில், அவை அசை போடும் பிராணிகளின் முதல் வயிற்றில் தாமிரத்தைப் பிணைத்து வீணாக்குகின்றன. அளவு மீறிய இரும்பும் தாமிரத்தைச் சேரவிடாமல் தடுக்கும். ஆகவே குணமாகவில்லை என்று மேலும் மேலும் அன்னபேதி கொடுப்பது குறையை வளர்க்கவும் கூடும்.

அறிகுறிகள்

கறுப்பு மயிர் செம்பட்டையாக மாறும். கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி அணிந்ததுபோல் நிறம் வெளிறும். மாடுகளுக்குக் கழிச்சல் இருக்கலாம். செம்மறியின் கம்பளி சுருள் இழந்து கம்பிபோல் ஆகும். சினைக் காலத்தில் தாய்க்குத் தாமிரம் குறைந்தால் பிறக்கும் குட்டி பின்னங்கால் தள்ளாடி விழும். இந்தத் தள்ளாட்டம் முற்றியபின் குணமாவது அரிது.

எச்சரிக்கை

இதைப் படித்தவுடன் மயில்துத்தத்தைக் கரைத்து ஆடுகளுக்கு ஊற்றிவிடாதீர்கள்! செம்மறி ஆடுகள் தாமிரத்தை ஈரலில் சேர்த்துக்கொண்டே போகும், எளிதில் வெளியேற்றா. வாரக்கணக்கில் எந்த அடையாளமும் தெரியாது. பிறகு திடீரெனச் சிவப்பணுக்கள் உடைந்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போய், ஓரிரு நாளில் ஆடு இறந்துவிடும். மாட்டுக்கான தாது உப்புக் கலவையையும் பன்றித் தீவனத்தையும் செம்மறிக்கு வைக்கக்கூடாது. போர்டோ கலவை தெளித்த தோட்டத்தில் அவற்றை மேய விடக்கூடாது.

செய்ய வேண்டியவை

1. முதலில் குடற்புழுவைக் கவனியுங்கள். ஆட்டின் வயிற்றில் இரத்தம் குடிக்கும் உருண்டைப்புழு ஒன்று நாளைக்குச் சுமார் 0.05 மி.லி. உறிஞ்சும். ஆயிரம் புழு இருந்தால் 50 மி.லி. போகும். சாணப் பரிசோதனை செய்து மருந்து கொடுங்கள்.

2. அதன்பின்னும் வெளுப்பு நீடித்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டி, இரத்தத்தில் தாமிர அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

3. வைக்கோலை மட்டும் நம்பாமல் பயறுவகைத் தழை, தவிடு, புண்ணாக்கு சேர்த்துக் கொடுங்கள்.

4. தாது உப்பை அந்தந்த இனத்துக்கென்று தயாரித்ததாக, சொன்ன அளவில் மட்டும் வையுங்கள்.

சினை ஆட்டைக் கவனித்தால் குட்டி காக்கப்படும். குட்டி தள்ளாடியபின் மருந்து தேடுவதைவிடச் செலவும் குறைவு.