மோப்ப நாய் தேடுவது குண்டை அல்ல, பந்தை!

ரயில் நிலையத்துல பெட்டிகளை முகர்ந்துகிட்டே போற போலீஸ் லாப்ரடாரைப் பாத்திருப்பீங்க. அதுக்குக் குண்டுன்னா என்னன்னே தெரியாது. புதருக்குள் எறிந்த பந்தை, கிடைக்கும்வரை விடாமல் தேடுகிற குட்டியைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். வெடிமருந்து வாசனையைக் கண்டுபிடித்தால் பந்து பரிசு. ஆனால் குரைக்கவோ பிராண்டவோ கூடாது, அசைத்தால் வெடிக்கலாம். சத்தமில்லாமல் உட்கார வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். ஒளித்த இடம் கூட வரும் காவலருக்குத் தெரிந்தால், அவர் நடை தயங்குவதைப் பார்த்தே நாய் உட்கார்ந்துவிடும். பெர்லினில் 'கணக்குப் போட்ட' ஹான்ஸ் குதிரையும் கேட்டவரின் உடலசைவைத்தான் படித்தது என்று 1907-இல் நிரூபித்தார்கள். அதனால் சோதனையில் அவருக்கும் சொல்லாமல் ஒளிப்பார்கள்; சில நேரம் எதையுமே ஒளிக்க மாட்டார்கள்.

விடையை வெச்சுகிட்டு லேப்ல ரீடிங் எழுதுறோமே, ஞாபகம் வருதா? அங்கே தப்பான ரீடிங்குக்கு விலை, உயிர்.