கால் நீட்டிப் பறக்க: ஓசூர், கிருஷ்ணகிரி பயணிகளுக்கு

ஓசூரிலிருந்து பெங்களூரு விமான நிலையம் ஏறத்தாழ 75 கி.மீ. சில்க் போர்டு நெரிசலில் காருக்குள் முடங்கிக் கிடந்துவிட்டு, டெல்லிக்கோ குவாஹாட்டிக்கோ சுமார் 3 மணி நேரம் பறந்தால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். கூடுதல் கட்டணம் கட்டினால் கால் நீட்ட இடமுள்ள இருக்கை கிடைக்கும். அதற்கு முன் கவனிக்க வேண்டியவை:

* முதல் வரிசையில் முன்னால் யாரும் சாய மாட்டார்கள். ஆனால் காலடியில் பை வைக்க முடியாது. சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடிந்திருந்தால் இருக்கை சற்றுக் குறுகலாக இருக்கும்.

* அவசர வழி வரிசையில் சிறுவர்கள், கர்ப்பிணிகள், கதவைத் திறக்க உடல்வலு இல்லாதவர்கள் உட்கார முடியாது. மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கு முதல் வரிசையே சரி.

* ஏர்பஸ் ஏ320 விமானத்தில் இறக்கையருகே இரண்டு அவசர வழி வரிசைகள் அடுத்தடுத்து இருக்கும். முன் வரிசை சாயாது. பின் வரிசையைக் கேளுங்கள்.

* முதல் வரிசையிலும் அவசர வழி வரிசையிலும், விமானம் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் பை மேலேதான் இருக்க வேண்டும். மாத்திரை, மூக்குக்கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

* இடம் தாராளமாக இருந்தாலும் அவ்வப்போது கணுக்காலைச் சுழற்றுங்கள். ஒருமுறையாவது எழுந்து நடங்கள்.

* பெங்களூருவில் உள்நாட்டு விமானங்கள் இரண்டு முனையங்களிலிருந்தும் கிளம்புகின்றன. உங்களுடையது எது என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

ஒரு மணி நேரப் பயணத்துக்கு இந்தச் செலவு தேவையில்லை. உயரமானவர்களுக்கு, 3 மணி நேரப் பயணத்தில் கொடுத்த காசு வீண் போகாது.