பூக்கடை வேலைக்கு ஒரு ஷில்லிங்

பெர்னாட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தைக் காதல் கதை என்று நினைப்பவர்கள்தான் அதிகம். 1964-ல் வந்த ‘மை ஃபேர் லேடி’ படம் செய்த வேலை அது. 1914-ல் லண்டனில் மேடையேறிய நாடகத்தை எடுத்துப் படித்தால், ஒரு பெண் வேலை தேடி அலையும் கதைதான் தெரியும். தெருவில் பூ விற்கும் எலைசா டூலிட்டிலுக்குப் பூக்கடைக்குள் நின்று விற்கும் வேலை வேண்டும். அவள் பேச்சைக் கேட்டால் எந்த முதலாளியும் சேர்க்க மாட்டார். அதனால் ஒலியியல் பேராசிரியர் ஹிக்கின்ஸிடம் போய், பாடத்துக்கு ஒரு ஷில்லிங் தருகிறேன் என்கிறாள். அவளுடைய ஒரு நாள் வருமானத்தில் அது ஐந்தில் இரண்டு பங்கு. யாரும் எனக்கு இவ்வளவு பெரிய கட்டணம் தந்ததில்லை என்று ஹிக்கின்ஸே கணக்குப் போட்டு அசந்துபோகிறார்.

தேனி மாவட்டம் போடியிலும் அந்த ஷில்லிங்கைக் கட்டும் வீடுகள் நிறைய. விடியற்காலை ஜீப்பில் போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போகும் அம்மாக்களின் கூலியில் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். 2023 ஜூனிலிருந்து சென்னை சென்ட்ரல் ரயிலே போடிக்கு வந்து போகிறது. நேர்காணலுக்கு அதில் ஏறும் பிள்ளையின் பயம்தான் மாறவில்லை: “வாயத் தொறந்தா ஊர்ப் பேச்சுன்னு கண்டுபிடிச்சிருவாங்களே!”

கண்டுபிடிக்கட்டும். அதனால் மட்டும் யாருக்கும் வேலை போகாது. வேலையைக் கெடுப்பது வேறொன்று. நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில், உச்சரிப்பு சுத்தமாகிவிட்ட எலைசாவை ஹிக்கின்ஸ் தன் தாயார் வீட்டு விருந்தினர் நடுவே உட்கார வைக்கிறார். வானிலையைப் பற்றி அச்சடித்தாற்போல் பேசுகிறாள். கொஞ்ச நேரத்தில், தன் அத்தையை யாரோ தீர்த்துக்கட்டிவிட்டார்கள் என்று அதே சுத்தமான உச்சரிப்பில் ஆரம்பித்துவிடுகிறாள். வானிலையும் உடல்நலமும் மட்டும் பேசு என்றதோடு வாத்தியார் நிறுத்திக்கொண்டார்; எந்த இடத்தில் எதை எப்படிப் பேசுவது என்று பழக்கவில்லை. நம் ஊர் ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ வகுப்புகள் பலவும் இந்த ரகம்தான். பெயர், ஊர், பொழுதுபோக்கு எல்லாம் தலைகீழ்ப் பாடம். அடுத்த கேள்விக்கு ஆள் காலி.

உங்களுக்குத் தெரிந்த தொழிலைச் சொல்லிப் பழகுங்கள். ஊரைக் கேட்டால் “தேனி பக்கம் சார்” என்று மழுப்ப வேண்டாம்; போடி என்றே சொல்லி, ஏலக்காயைப் பற்றிப் பேசுங்கள். ஐந்து கிலோ பச்சைக் காய் காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோதான் தேறும். 8 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கும் காய்க்கு ஒரு விலை, கீழே விழுவதற்கு வேறு விலை. காயை உலர்த்தும் ஸ்டோரில் சூடு தப்பினால் பச்சை நிறம் போகும்; நிறம் போனால் விலையும் போச்சு. இதைத் தமிழில் ஒரு முறை, எளிய ஆங்கிலத்தில் ஒரு முறை, வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். கொள்முதல், தரக் கட்டுப்பாடு என்று பல வேலைகளுக்கு இந்தப் பதில் செல்லும்.

போடியில் நடக்கும் ஏலக்காய் மின் ஏலத்தில் வாய்விட்டு விலை கேட்கும் காலம் போய்விட்டது. மாதிரிக் காய் கைக்கு வந்ததும் வியாபாரி நாலைந்தை உள்ளங்கையில் உருட்டுகிறார், ஒன்றை உரித்து அரிசியைப் பார்க்கிறார், முகர்கிறார், கணினியில் விலையைத் தட்டுகிறார். அங்கே உச்சரிப்புக்கு வேலையே இல்லை. வெளியே வந்ததும் அதே மனிதர் டெல்லிக்காரரிடம் இந்தி, கட்டப்பனைத் தோட்டக்காரரிடம் மலையாளம், வீட்டுக்குப் போனால் போடித் தமிழ். அவர் மாறிவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை. அலுவலகத்திலும் அப்படியே பழகலாம். லாரி ஆபீஸுக்கு “அண்ணே, லோடு இன்னிக்கு வராதுண்ணே” போதும். மேலாளரிடம் வரிசை முக்கியம்: “சார், லோடு இன்னிக்கு வராது. நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள வந்துடும். மலைப்பாதைல மண் சரிஞ்சிருக்கு.” சேதி முதலில், நேரம் அடுத்து, காரணம் கடைசியில்.

மேலதிகாரிகளுக்கும் நாடகத்தில் பாடம் உண்டு. எலைசா நன்றியோடு நினைப்பது, முதல் நாளே தன்னை ‘மிஸ் டூலிட்டில்’ என்று அழைத்த, ஹிக்கின்ஸின் நண்பர் கர்னல் பிக்கரிங்கைத்தான். ஹிக்கின்ஸ் கெட்டிக்கார வாத்தியார், மட்டமான முதலாளி. அம்மா வயதுப் பெண்ணை ‘வா, போ’ என்று விரட்டும் சூப்பர்வைசர்கள் ஏல மலையில் இன்னும் இருக்கிறார்கள். பக்கத்து மூணாறில் 2015 செப்டம்பரில் நடந்ததை அவர்கள் மறக்கக் கூடாது. பேசத் தெரியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட தமிழ்த் தேயிலைத் தொழிலாளிப் பெண்கள், ‘பெம்பிளை ஒருமை’ என்று திரண்டு, தொழிற்சங்கத் தலைவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, 10 சதவீதமாகக் குறைத்த போனஸைக் கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதமாக வாங்கினார்கள்.

எலைசாவின் மீதிக் கதையை ஷா பின்னுரையாக எழுதியிருக்கிறார். பிக்கரிங் தந்த பணத்தில் அவளும் கணவன் ஃப்ரெட்டியும் பூக்கடை வைக்கிறார்கள். சீமாட்டி மாதிரி பேச வரும். கடைக் கணக்கு எழுத வராது. நட்டத்தில் மாட்டிக்கொண்டு, கணக்குப்பதிவும் தட்டச்சும் படிக்க பாலிடெக்னிக் வகுப்புக்கு ஓடுகிறார்கள். அது மண்டையில் ஏறவும் இல்லை. ஆகவே பேச்சு வகுப்புக்கு எடுத்துவைத்திருக்கும் பணத்தில் பாதியை டேலி, ஜி.எஸ்.டி. பில் போடும் வகுப்புக்கு ஒதுக்குங்கள். அதையும் கல்லூரி முடிவதற்குள் கற்றுவிடுங்கள்.